உதடு சேரும் வாரம்

காப்பைக் கழற்றும்போது பெண்கள் பெரும்பாலும் அழுவார்கள். தேன்மலர் அழவில்லை. மணிக்கட்டில் காப்பு கிடந்த இடம் வெளுத்துப்போய் ஒரு வளையமாகத் தெரிந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே, “இதுக்குள்ள என்னல்லாம் இருக்குமுங்க?” என்று கேட்டாள்.

“நீ மூச்சு விட்டது, வேர்த்தது, முழுங்குனது. எல்லாந்தான்,” என்றாள் அருந்ததி.

“நெனச்சதும் இருக்குமுங்களா?”

“அது இன்னும் வரலை அம்மிணி.”

தேன்மலரின் மடியில் அவளுடைய பெண் குழந்தை கிடந்தது. மேலுதடு இடப்பக்கமாக மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும் அந்தப் பிளவு நீண்டிருந்ததால் குழந்தையால் காம்பைப் பிடித்து உறிஞ்ச முடியவில்லை. பாலைப் பீய்ச்சி, தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். அவசரப்பட்டால் பால் மூக்கு வழியாக வந்துவிடும். தேன்மலர் அவசரப்படவில்லை. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் கோகிலவாணிதான் நிமிடத்துக்கொரு தரம் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பங்க வாசிப்பீங்க?” என்றாள் கோகிலவாணி. “எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லீங்க. அது மன்றத்துல தெளிவாத் தெரியோணும்.”

அருந்ததி அந்த மருத்துவமனையில் காப்பு வாசிப்பவள். முப்பத்தெட்டு வயது. அவளுடைய மேலுதட்டிலும் ஒரு தழும்பு உண்டு. நன்றாகத் தைக்கப்பட்ட, சிரித்தால் மட்டும் இழுக்கிற தழும்பு. அவள் பிறந்தபோது காப்பு வந்திருக்கவில்லை.

காப்பு நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. திருமணம் பதிவானதும் பெண்ணின் கையில் ஏறிவிடும். வியர்வையையும் மூச்சையும் ஓயாமல் சோதிக்கும். கருவுக்கு ஆகாத மருந்தையோ புகையையோ கண்டால் மெல்ல அதிர்ந்து எச்சரிக்கும். முதல் சில வருடங்களில் எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள். பிறகு யாருக்கோ ஒரு யோசனை. எல்லாம்தான் பதிவாகிறதே, குறையோடு பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குறை எதனால் வந்தது என்று சொல்லிவிட முடியாதா?

முடியும் என்றார்கள். கருவின் முகம் முதலில் தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்கும். ஆறாவது வாரம், ஏழாவது வாரம் என்று அவை இரண்டு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து நடுவில் ஒட்டும். அப்போது ஏதாவது தடுத்துவிட்டால் உதடு சேராது. வாசிப்புக் கருவி அந்த வாரத்துக்குத்தான் திரும்பிப் போகும். தொப்புள்கொடி ரத்தத்தில் மரபணுவைப் பார்க்கும், காப்பில் மற்றதைப் பார்க்கும். கடைசியில் மூன்று எண்களைச் சொல்லும்: பரம்பரை, சூழல், தாயின் நடத்தை. மூன்றாவது எண் பாதியைத் தாண்டினால் காரண மன்றம் கூடும். தாய் கவனமில்லாதவள் என்று மன்றம் சொல்லிவிட்டால், தகப்பன் வீட்டார் கேட்கும்பட்சத்தில் குழந்தை அவர்களிடம் போய்விடும்.

கோகிலவாணி ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

தேன்மலரின் எண்கள் வந்தன. தாயின் நடத்தை அறுபத்தெட்டு. பரம்பரை முப்பத்திரண்டு. சூழல் பூஜ்யம்.

“மாத்திரைதான் காரணம்னு காட்டுது,” என்றாள் அருந்ததி. மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள். “வலிப்புக்கு நீ போடற மாத்திரை. காப்பு அதிர்ந்திருக்குமே?”

“தெனமும் அதிரும்,” என்றாள் தேன்மலர். “டாக்டரைப் போய்க் கேட்டனுங்க. திடீர்னு நிறுத்துனா விழுந்துருவே, வேற மாத்திரைக்கு மெதுவா மாத்தோணும், ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் புள்ள வேண்டாம்னாரு. வீட்ல சொன்னேன். ஆறு மாசமெல்லாம் பொறுக்க முடியாதுன்னுட்டாங்க. எங்கூட்டுக்காரரும் ஒண்ணும் பேசலை.” குழந்தையின் கடைவாயைத் துடைத்தாள். “அதெல்லாம் காப்புல இருக்காதுங்களா?”

“இருக்காது.”

“அப்ப நாந்தானுங்களே முழுங்குனது.”

அன்று முழுவதும் அருந்ததிக்கு வேலை ஓடவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்ப வந்து உட்காருவாள். அறுபத்தெட்டு அவளைத் தொந்தரவு செய்யவில்லை. அந்த மாதிரி எண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பூஜ்யம்தான் உறுத்தியது. தேன்மலர் வாழ்க்கைப்பட்ட ஊர் வெள்ளைக்கரடு. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஆலை அங்கேதான் இருக்கிறது. நாட்டில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் பேட்டரி வேண்டும். உயிர்விட்ட பேட்டரிகளெல்லாம் அந்தக் கரட்டடிக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த ஊரில் சூழல் பூஜ்யமா?

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். என்ன பார்க்கப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. வெள்ளைக்கரட்டில் இறங்கியதுமே நாக்கில் ஒரு சுவை தட்டியது. செப்புக் காசை வாயில் போட்டுக்கொண்டது போல. டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தாள், போகவில்லை.

“புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தானுங்க,” என்றார் கடைக்காரர். “ஒரு வாரம் இருந்தீங்கன்னாத் தெரியாது.”

வீட்டு வாசல்களில் கொடி கட்டி ஆலைச் சட்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள். துவைத்த பிறகும் காலர் மடிப்பில் சாம்பல் நிறப் பொடி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு கூட்டம் வந்தது. அதில் உதட்டில் தையல் போட்ட முகங்களைத் தேடாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஒன்றைப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்றை. அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் வந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டாள்.

வாசிப்புக் கருவிகளைப் பராமரிப்பவர் ஹபிபுல்லா. ஐம்பதை நெருங்கியவர், தஞ்சாவூர்ப் பக்கம். அவர் கருவிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோதே அருந்ததி கேட்டாள்.

“வெள்ளைக்கரட்டுக் காப்புல காத்து எப்படி பூஜ்யமாகும்?”

“கழிச்சிடும் மேடம்.”

“எதைக் கழிச்சிடும்?”

“ஊரோட சராசரியை.” அவர் கையை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தார். “கருவிக்கு முதல்ல ஊர்ப் பேரைக் கொடுக்கறோம் இல்லையா? அந்த ஊர்ல எல்லாக் காப்புலயும் பதிவானதை எடுத்துச் சராசரி பாக்கும். அதுக்கு மேல இந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன அதிகம்னுதான் கணக்குப் போடும். எல்லாரும் அதே காத்தைத்தானே சுவாசிக்கிறாங்க? எல்லாருக்கும் பொதுவானது ஒருத்தருக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்னு வடிவமைச்சவங்க நினைச்சிருக்காங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு.”

“ஊரே விஷத்தைக் குடிச்சா?”

“அப்ப விஷம்தான் சராசரி.”

அருந்ததி தேன்மலரின் காப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு, “ஊர்ப் பேரை மாத்திக் கொடுக்க முடியுமா?” என்றாள்.

ஹபிபுல்லா கதவைப் பார்த்தார். “முடியும். நான் முடியாதுன்னு சொல்லணும்.”

“ஏற்காடுன்னு கொடுங்க.”

கருவி முனகிக்கொண்டே ஓடியது. அதே காப்பு, அதே சொட்டு ரத்தம். திரையில் வேறு எண்கள் வந்து நின்றன. சூழல் ஐம்பத்தொன்று. பரம்பரை முப்பத்தைந்து. தாயின் நடத்தை பதினான்கு.

“தப்பு பண்ணின பொம்பளை மலையேறினதும் நல்லவளாயிட்டா,” என்றார் ஹபிபுல்லா. அவர் சிரிக்கவில்லை.

காரண மன்றம் பழைய தாலுகா அலுவலக மாடியில் கூடும். தலைவர் மதனகோபால் குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் அருகே போய்க் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் நாற்காலியில் அமர்வார். அன்றும் அப்படியே செய்தார்.

ஒரு பக்கம் கோகிலவாணியும் அவள் மகன் நவநீதனும். எதிரே குழந்தையோடு தேன்மலர். வாசிப்பவள் எழுந்து எண்களைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அருந்ததி எழுந்தாள். கருவி கொடுத்த எண்களைச் சொன்னாள். கோகிலவாணி மகனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது அருந்ததி உட்காராமல், “இன்னொரு வாசிப்பும் இருக்குங்க சார்,” என்று அடுத்த மூன்று எண்களையும் சொன்னாள். எப்படி வந்தன என்பதையும் சொன்னாள்.

மதனகோபால் கண்ணாடியைக் கழற்றினார். “இப்படி மாற்றிப் பார்க்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?”

“யாரும் கொடுக்கலைங்க.”

“சரி. இரண்டில் எது உண்மை?”

“ரெண்டும் இல்லைங்க சார்.”

“அப்படியென்றால்?”

“சோறு வெந்ததுல நெருப்போட பங்கு எவ்வளவு, தண்ணியோட பங்கு எவ்வளவுன்னு கேட்டா என்னன்னு சொல்றது? ரெண்டும் சேர்ந்தாத்தான் வேகும். இந்தப் புள்ளைக்குப் பரம்பரையில ஒரு பலவீனம் இருந்திருக்கு. அது மட்டும் இருந்திருந்தா உதடு சேர்ந்திருக்கலாம். மாத்திரை மட்டும் இருந்திருந்தாலும் சேர்ந்திருக்கலாம். காத்து மட்டும் இருந்திருந்தாலும் அப்படித்தான். எல்லாம் ஒரே வாரத்துல வந்து விழுந்திருச்சு. அதைப் பிரிச்சுப் பங்கு போட முடியாதுங்க. நாமதான் போட்டுட்டிருக்கோம்.”

நவநீதன் எழுந்து நின்றதை முதலில் யாரும் கவனிக்கவில்லை.

“நான் அந்த ஆலையிலதாங்க இருக்கறேன்,” என்றான். “உடைக்கற பக்கம். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழட்டி அவ கையிலதான் குடுப்பேன். அவதான் உதறித் துவைப்பா.”

“உக்காருடா,” என்றாள் கோகிலவாணி. “வேலை போயிரும்.”

“ஆறு மாசம் பொறுக்கச் சொன்னா. நான் பேசாம இருந்துட்டேன். அதையும் சொல்லோணுமல்ல.” அவன் தலைவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தேன்மலரைப் பார்த்துச் சொன்னான். அவள் குனிந்து குழந்தையின் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அதில் சரி செய்ய ஒன்றுமில்லை.

குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்று மன்றம் சொன்னது. ஆலையைப் பற்றி அருந்ததி கேட்டபோது மதனகோபால் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். “அம்மா, இந்த மன்றத்துக்குத் தாய்மாரை விசாரிக்கத்தான் அதிகாரம். ஆலையை விசாரிக்க அதிகாரம் இல்லை. ஆனால் கருவியில் பிழை இருக்கிறது என்று மேலே எழுதுகிறேன்.”

எழுதவும் செய்தார். அனுமதி இல்லாமல் ஊர்ப் பேரை மாற்றியதற்காக அருந்ததியை ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார வைத்தார்கள். வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. நாற்காலிகளை இடம் மாற்றினாள், திரும்பப் பழைய இடத்திலேயே போட்டாள். தேன்மலர் ஒருநாள் அழைத்து, குழந்தைக்கு உதட்டு அறுவை முடிந்துவிட்டது, அண்ணத்துக்கு இன்னும் வளர வேண்டுமாம், நவநீதன் ஆலையை விட்டுவிட்டான், அவினாசிப் பக்கம் வந்துவிட்டோம் என்று சொன்னாள். பின்னால் குழந்தை கத்துவது கேட்டது. நல்ல கத்தல். அன்று இரவு அருந்ததி தூங்கினாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய வாரம்தான் கருவிகளைப் புதுப்பித்திருந்தார்கள். இனி ஊர்ச் சராசரியைக் கழிப்பதில்லை. காற்று அப்படியே கணக்கில் வரும். வெள்ளைக்கரட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வருடம் முன்பே ஒரு பெரிய பலகையும் வைத்துவிட்டார்கள். அன்றன்றைக்குக் காற்று எப்படி என்று நிறத்தில் காட்டும் பலகை. அது பெரும்பாலும் சிவப்பாகவே எரிந்தது. ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்று நடந்திருக்கிறது என்று அருந்ததிக்குத் தோன்றியது. சிவப்பைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் ஆலையை ஓட்டுவார்கள்?

வெள்ளைக்கரட்டிலிருந்து அடுத்து வந்தவள் மிருதுளா. ஆலைக் குடியிருப்பில் இருப்பவள். அவள் மகனுக்கு இரண்டு பக்கமும் உதடு பிளந்திருந்தது. அவளுடைய காப்பைப் போல ஒரு காப்பை அருந்ததி பார்த்ததில்லை. ஒரு மருந்து இல்லை, ஒரு புகை இல்லை. சத்து மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. பழைய கருவியாக இருந்தால் பரம்பரை என்று ஒரே வார்த்தையில் முடித்து, தாயை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

புதிய கருவி எண்களைக் காட்டியது. பரம்பரை நாற்பத்து மூன்று. தாயின் நடத்தை ஐம்பத்தேழு. சூழலுக்கு என்று தனியாக எண்ணே இல்லை.

அருந்ததி ஹபிபுல்லாவைத் தேடி மாடிப்படியில் பாதியோட்டமாக இறங்கினாள். அவர் கேண்டீனில் இருந்தார். அவள் சொல்லி முடிக்குமுன் தலையாட்டினார்.

“நானும் நேத்துதான் பார்த்தேன் மேடம். காத்தைச் சேர்த்துட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே. ஆனா ‘வசிப்பிடத் தேர்வு’ங்கற தலைப்புல, நடத்தைக்குக் கீழே சேர்த்திருக்காங்க.”

“தேர்வா?”

“பலகை வெச்சாச்சு இல்லையா? காத்து மோசம்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அங்கேயே இருந்து கர்ப்பமானா, அது அவங்க முடிவுங்கறாங்க.” டீயை ஒரு வாய் குடித்தார். “முன்னாடி காத்துக்கு யாரும் பொறுப்பில்லாம இருந்தது. இப்ப ஒரு ஆள் கிடைச்சாச்சு.”

மன்றத்தில் மதனகோபால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். நாற்காலியில் அமர்ந்தார். அவருக்கே பிடிக்காத கேள்வியைக் கேட்பவரைப் போல மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பலகையைப் பார்த்தீர்களா அம்மா?”

“பார்த்தனுங்க,” என்றாள் மிருதுளா.

“பிறகு ஏன் ஊர் மாறவில்லை?”

மிருதுளா புருஷனைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்தான். “குடியிருப்பு ஆலையோடதுங்க,” என்றாள் அவள். “வேலை இருந்தாத்தான் வீடு. வேற எங்கீங்க போறது?”

தலைவர் அருந்ததியின் பக்கம் திரும்பி, எண்களை வாசிக்கும்படி கையைக் காட்டினார்.

அருந்ததி எழுந்து நின்றாள். வாய் திறந்தாள். “எனக்கு இதை வாசிக்கத் தெரியலைங்க சார்,” என்றாள்.

“எண்கள் வரவில்லையா?”

“வந்திருக்குங்க. வாசிக்கத் தெரியலை.”

மதனகோபால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டவில்லை. கருவியே எண்களைக் குரலில் சொல்லும்படி ஏற்பாடு இருக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு கூடலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நீங்கள் வர வேண்டியதில்லை என்று அருந்ததியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அதில், தன்னால் அப்படி விலக முடியாதவரின் ஒரு பொறாமை இருந்தது போலவும் அவளுக்குத் தோன்றியது.

வெளியே நடையில் மிருதுளா பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். அருந்ததி அவளைக் கடந்து படிக்கட்டு வரைக்கும் போனாள். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னுங் கொஞ்சம் நிமித்திப் பிடி அம்மிணி. மூக்குல ஏறாது.”

மிருதுளா நிமிர்த்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் பார்வை அருந்ததியின் மேலுதட்டில் வந்து நின்றது.

“உங்களுக்கும் இருந்துச்சுங்களா அக்கா?”

“இருந்துச்சு.”

“உங்கம்மா என்ன பண்ணுனாங்களாம்?”

யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. “கிரகணத்தன்னைக்கு மாங்கா அரிஞ்சாங்களாம்,” என்றாள் அருந்ததி. “அந்த அருவாமனை வெட்டுத்தான் வயித்துப் புள்ளையோட உதட்டுல விழுந்துருச்சுன்னு சொன்னாங்க. எங்கப்பா வீட்ல எல்லாரும் சொன்னாங்க.”

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது. “கிரகணத்துக்கும் ஒதட்டுக்கும் என்னங்க்கா சம்பந்தம்? என்ன மனுசங்களோ. அதைப் போய் உங்கம்மாவும் நம்புனாங்களாக்கும்?”

“நம்புனாங்க. அதுக்கப்புறம் அவங்க மாங்காயைக் கையில தொட்டதில்லை.”

“பாவம்,” என்றாள் மிருதுளா. மனதார வருந்தித்தான் சொன்னாள். பாலாடையில் மிச்சமிருந்ததைக் குழந்தைக்குக் கொடுத்து முடித்தாள். முந்தானையால் அதன் இரண்டு பிளவுகளையும் ஒற்றி எடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே, மன்றத்தின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அருந்ததியின் காதருகே குனிந்தாள்.

“யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க்கா. எனக்கு மட்டும் சொல்லுங்க. என்னோட நம்பர் எவ்வளவு?”